ஆவுடையப்பனும் மூன்று தடவை செத்த இன்ஜினும்

ஆவுடையப்பனுக்கு இந்த உலகத்தில் எதுவும் லேசில் பிடிபடாது. ஓட்டலில் போய் உட்கார்ந்தால், என்ன வேண்டும் என்று கேட்கிறவரிடம், இருப்பதைக் கொண்டுவாரும் என்பார். சட்டை எடுக்கப் போனால் நீலமா பச்சையா என்று வெகுநேரம் நின்றுவிட்டு, கடைக்காரர் பொறுமை இழந்து எதைப் பையில் போடுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவார். சிவகிரி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட்டும் எடுத்த பிறகு, இது சிவகிரி போகிற பஸ்தானா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால்தான் அவருக்கு மனசு ஆறும். பெண் பார்த்துவிட்டு வந்தபோதுகூட, பிடித்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பெரியவர்களே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு காரியத்தையாவது தன்னை எதிர்பார்க்காமல் செய்தார்களே என்று, சங்கரேஸ்வரி கையால் சாப்பிடும்போதெல்லாம் நிம்மதிப்படுகிற மனிதர் அவர்.

இன்ஜின் என்று வந்தால் மட்டும் ஆள் வேறு. மருந்தடிக்கிற மிஷின், களை வெட்டுகிற மிஷின், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சின்ன பம்ப் எதுவாக இருந்தாலும், கயிற்றை ஒரு இழு இழுத்து, காதைச் சாய்த்து, கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது. கைராசிக்காரர் என்று திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டு சனம் பேர் வைத்திருந்தது. காடு கழனி பார்க்கிற அந்தப் பக்கத்துச் சம்சாரிகள் டவுன் பஸ்ஸில் மிஷினைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள். திருவேங்கடம் சாலையில் பஞ்சர் கடைக்கு அடுத்த தகரக் கொட்டகைதான் ஆவுடையப்பனின் பட்டறை. அந்தக் கொட்டகைக்குள் இருக்கும்போது மட்டும்தான் அவருக்குத் தன் மேல் நம்பிக்கை. வெளியே வந்தால் செருப்பு தன்னுடையதுதானா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்ஜின் பட்டறைக்கு வர வேண்டும். அவர் இன்ஜினைத் தேடிப் போக மாட்டார். டாக்டர் வீடு வீடாகவா போகிறார் என்று கேட்பார். உண்மையான காரணம், வேறு இடத்தில் நின்றால் அவருக்குக் கை ஓடாது என்பதுதான். நாலு பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னால் பிளக் எது, பெட்ரோல் டேங்க் எது என்பதே மறந்துவிடும். பட்டறைக்குள் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது.

சௌந்தரபாண்டியனின் விறகுக்கடை ரயில்வே கேட்டைத் தாண்டி இருந்தது. பரோட்டாக் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் அங்கிருந்துதான் விறகு போகும். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பேச ஆரம்பித்தால் தெருக்கோடியில் கேட்கும். நல்ல மனசு, மோசமான வாய். அவருக்கு நேரெதிராக அவர் மனைவி ஹெலன். பேசுவதே தெரியாது, ஆனால் கடையில் அவள் கை படாத கட்டை கிடையாது. கோடாரி போட ஆள் கிடைக்காமல் போன பிறகு, அண்ணாச்சி கோயம்புத்தூரிலிருந்து விறகு பிளக்கிற மிஷின் ஒன்றை வரவழைத்தார். ஆறடி நீள இரும்புப் படுக்கை. ஒரு முனையில் ஆப்பு. லீவரைத் தள்ளினால் ஆப்பு மெதுவாக நகர்ந்து வந்து, இடுப்பளவு உடைமரக் கட்டையையும் பனங்கிழங்கைக் கிழிக்கிற மாதிரி கிழித்துவிடும். அதற்கு உயிர் கொடுப்பது பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின். இரண்டு வருஷம் அது ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் வரவில்லை. அண்ணாச்சி காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். கயிறு அறுந்ததுதான் மிச்சம். நாலு போல்ட்டைக் கழற்றி இன்ஜினை மட்டும் மொபெட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜாம் என்பார்கள் பட்டறைகளில். ஆவுடையப்பன் முதலில் ஆயிலைப் பார்த்தார். இப்படி ஜாம் ஆகி வருகிற இன்ஜின்களில் பத்துக்கு ஒன்பது, ஆயில் ஊற்ற மறந்ததால் வருவது. இதில் ஒரு பொட்டுக் குறையவில்லை. ஆனால் கறுத்து, தண்ணீராக இளகி, தீய்ந்த வாடை அடித்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றி, மறுநாள் வரை ஊறவிட்டார். பிறகு சக்கரத்தில் ஸ்பானரைக் கொடுத்து, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் என்று குழந்தைக்குச் சுளுக்கு எடுக்கிற மாதிரி ஆட்டினார். அவசரப்பட்டால் உள்ளே ஏதாவது உடையும். மதியத்துக்கு மேல் லேசாக அசைந்தது. சாயங்காலம் முழுச் சுற்று சுற்றியது. திறந்து, தேய்ந்ததை மாற்றி, மூடி, பட்டறை மேஜையில் வைத்து ஓடவிட்டார். வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. அண்ணாச்சி சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். கைராசி கைராசிதான் என்று டீக்கடையிலும் சொல்லிவிட்டுப் போனார்.

சித்திரையில் அதே இன்ஜின் அதே மொபெட்டில் திரும்பி வந்தது. அதே ஜாம். ஆயில் அதே அளவு, அதே கறுப்பு, அதே வாடை.

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்த்தால், நாலு பக்கமும் கோடு கோடாக உரசியிருந்தது. சூடு ஏறித்தான் பிடித்திருக்கிறது; அதில் சந்தேகமில்லை. ஏன் சூடு ஏறியது என்பதுதான் விளங்கவில்லை. இந்த மாதிரி இன்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது. முன்பக்கம் வட்டமாக ஒரு மூடி, அதில் சல்லடை மாதிரி ஓட்டைகள். உள்ளே சுழல்கிற விசிறி அந்த ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுத்து இன்ஜின் மேல் அடிக்கும். அந்தக் காற்றுதான் அதற்குத் தண்ணீர். விசிறியைப் பார்த்தார், ஓர் இறக்கைகூட உடையவில்லை. சல்லடையைப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. ஓர் ஓட்டையில் மட்டும் கட்டுக்கம்பித் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. மொபெட்டில் வைத்துக் கட்டிய கம்பியாக இருக்கும் என்று பிடுங்கி எறிந்தார். மரத்தூள் அடைக்கிறதா என்று அண்ணாச்சியிடம் கேட்டதற்கு அவர் சத்தியமே பண்ணினார்.

"அந்தப் பக்கம் ஒரு தூசி கெடையாதுவே. ஹெலன் கண்ணாடி மாதிரி வச்சிருக்கா."

அது உண்மைதான் என்பதுதான் இந்தக் கதையில் பெரிய கொடுமை.

அன்றைக்கு அண்ணாச்சி வழக்கத்துக்கு மேல் கத்தினார். இடது முன்கையில் துணி சுற்றியிருந்தார். கேட்டதற்கு, மரப்பட்டை கீறிவிட்டது, அதுவா இப்போது முக்கியம் என்று எரிந்து விழுந்தார். ஒழுங்காக வேலை பார்க்கத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்றார். இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டறைக்குள் நின்று யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது.

புது பிஸ்டன், புது ரிங்கு, வேறு கம்பெனி ஆயில். பெட்ரோலை வெள்ளைத் துணியில் வடிகட்டினார். மேஜையில் வைத்து அரைநாள் ஓடவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். நிற்கவில்லை, திணறவில்லை, தொட்டால் அளவான சூடு. நிழலில் வையுங்கள், மணிக்கொரு தரம் ஓய்வு கொடுங்கள் என்று ஆயிரம் சொல்லி அனுப்பினார். வைகாசியில் மூன்றாம் தடவையாக நோய் காட்டியது. இந்த முறை முழுதாகப் பிடிக்கும் முன் அணைத்துவிட்டார்கள், ஆனால் சிலிண்டர் போய்விட்டது. அண்ணாச்சி அந்த இன்ஜினே வேண்டாம் என்று முடிவு பண்ணி, ஆவுடையப்பன் மூலமாகவே புத்தம் புது இன்ஜின் வாங்கினார். பெட்டி பிரிக்காமல் வந்ததைப் பட்டறையில்தான் பிரித்தார்கள். ஆவுடையப்பன் ஆயில் ஊற்றி, ஓட்டிப் பார்த்து, தன் கையாலேயே மொபெட்டில் வைத்துக் கட்டினார்.

ஆனி முடிவதற்குள் புது இன்ஜினும் செத்தது.

சேதி கேட்டபோது ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய இன்ஜின் என்றால் தேய்மானம் எனலாம். தான் பூட்டியது என்றால் தன் பிழை எனலாம். கம்பெனி பூட்டி வந்த இன்ஜினுக்கு என்ன வந்தது? தான் தொட்டது ஒன்றே ஒன்றுதான், ஆயில். அப்படியானால் தன் கையிலேயே ஏதோ இருக்கிறதா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டீக்கடையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். உடைமரத்துப் பிசின் புகை என்றார் ஒருவர். பெட்ரோலில் கலப்படம் என்றார் இன்னொருவர். அண்ணாச்சி கடை மேல் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் மூன்றாமவர். ஆவுடையப்பனுக்கு மூன்றும் சரியென்று பட்டது. பிறகு மூன்றும் தப்பென்று பட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்ணாச்சியின் வாய் சும்மா இருக்குமா? ஆவுடையப்பன் கை போய்விட்டது, அந்த ஆள் தொட்டால் கம்பெனி இன்ஜினும் விளங்காது என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு போயிற்று. திருவேங்கடத்து மூக்காண்டி என்று ஒரு சம்சாரி, மருந்தடிக்கிற மிஷினைக் கொடுத்துவிட்டுப் போனவர், மறுநாள் வந்து, அவசரமில்லை, இப்போதைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன் என்று பிரிக்காமலே தூக்கிக்கொண்டு போனார். போகும்போது முகத்தைப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிளக்கை மாட்டிவிட்டு மாட்டினோமா என்று மறுபடி கழற்றிப் பார்க்கிற புத்தி அன்றிலிருந்துதான் வந்தது. சட்டைக் கடையில் வருகிற குழப்பம் பட்டறைக்குள்ளேயும் வந்து குந்திக்கொண்டது.

சங்கரேஸ்வரியின் தம்பி மாரிக்கண்ணன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அங்கே கேட்டில் உட்காருகிற வேலை ஒன்று காலியாக இருப்பதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். அதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. ஆடி பிறந்ததும் வருகிறேன் என்று ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். தகரக் கொட்டகையைக் காலி பண்ணினால் இந்த மனிதர் உலகத்தில் எங்கே நிற்பார் என்ற கவலை சங்கரேஸ்வரிக்கு. மில் கேட்டைத் திறக்கவா மூடவா என்று யோசித்துக்கொண்டு அங்கேயும் நிற்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

போவதற்கு முன் ஒரு காரியம் பாக்கி. செத்த புது இன்ஜினை அண்ணாச்சி இந்தத் தடவை கொண்டுவரவில்லை. அந்த ஆளே வந்து பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று டீக்கடையில் சொல்லி அனுப்பியிருந்தார். தேடிப் போகும் வழக்கமில்லாத ஆவுடையப்பன், ஸ்பானர் பையை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ரயில்வே கேட்டைத் தாண்டினார்.

அண்ணாச்சி இல்லை. லோடு ஏற்றப் போயிருந்தார். ஹெலன் மட்டும் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அன்னதானம் போடுகிறவர்கள் எல்லாரும் விறகுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், மிஷின் இல்லாமல் என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று சொன்னாள். அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதுவே ஆவுடையப்பனுக்குக் கூடுதலாக வலித்தது. கழற்றட்டுமா அக்கா என்று கேட்டுக்கொண்டு அவர் மிஷின் பக்கம் போனார்.

"செத்த இருங்க தம்பி. இத அவுத்துட்டுத் தாரேன்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மிஷினுக்கு முன் குனிந்தாள். இன்ஜினின் முன்பக்கச் சல்லடையை முழுதாக மறைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய அட்டை ஒன்று கட்டப்பட்டிருந்தது. பூப்போட்ட கரை, நடுவில் கொட்டை எழுத்தில் பைபிள் வசனம். நாலு மூலையிலும் துளையிட்டு, கட்டுக்கம்பியைச் சல்லடை ஓட்டைகளில் நுழைத்து, காற்றுக்கு ஆடாதபடி இறுக்கமாகக் கட்டியிருந்தாள். பிறக்கிற வருஷத்துக்கு என்று வேதக்கோயிலில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டை. வேதக்காரர்கள் வீட்டில் அதை நடுக்கூடத்தில் மாட்டியிருப்பார்கள்.

ஆவுடையப்பன் நின்ற இடத்திலேயே நின்றார்.

அது எப்போதும் இங்கேதான் இருக்குமா என்று கேட்டார். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. ஹெலன் கம்பியை முறுக்கு பிரித்துக்கொண்டே சொன்னாள். போன டிசம்பரில் ஆப்புக்கும் கட்டைக்கும் நடுவில் அண்ணாச்சியின் விரல் நகம் போனதாம். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. புது வருஷத்து அட்டையை இந்தத் தடவை வீட்டில் மாட்ட மனசு வரவில்லை, மிஷினிலேயே கட்டிவிட்டாள். மற்ற இடமெல்லாம் கிரீசும் சூடுமாக இருந்தது. கம்பி நுழைக்க வசதியாகவும் பார்க்கச் சுத்தமாகவும் இருந்தது இந்த இடம்தான். பட்டறைக்கு அனுப்பும்போது மட்டும் அவிழ்த்துவிடுவாள். ஆயில் தரையில், கால் படுகிற இடத்தில் வசனத்தை வைக்கலாமா? திரும்பி வந்ததும் துடைத்து, ஜெபம் பண்ணி, மறுபடி கட்டுவாள்.

முன்னெல்லாம் இந்த இடத்தில் தூசி ஒட்டுமா என்று ஆவுடையப்பன் கேட்டார். காய்ந்த இலையும் மரத்தூளும் வந்து வந்து ஒட்டும், துடைத்து மாளாது, இதைக் கட்டிய பிறகு ஒரு துரும்பு ஒட்டுவதில்லை என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.

ஆவுடையப்பன் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார். சித்திரையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போயிற்று. கை போகவில்லை. கண் போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் எந்த இன்ஜின் ஓடும்? பட்டறைக்கு வரும்போதெல்லாம் மூக்கைத் திறந்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மேஜையில் அது ஓடாமல் என்ன செய்யும்? அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஒரே ஒரு தடவை இங்கே வந்து, ஓடுகிற மிஷினைப் பார்த்திருந்தால் மாசியிலேயே முடிந்திருக்கும். டாக்டராம் டாக்டர் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அடுத்த குழப்பம் வந்தது. இதை எப்படிச் சொல்வது? எதிரே ஹெலன் அந்த அட்டையை முந்தானையால் துடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் கட்டிய வசனம்தான் நாலு தடவையும் இன்ஜினைக் கொன்றது என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டுமே. சொல்லாவிட்டால் தன் பேர் போனது போனதுதான். சொன்னால் அண்ணாச்சி அந்தப் பெண்ணை விட்டு வைப்பாரா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். அதுவும் தெருக்கோடி வரை கேட்கிற குரலில். சொல்லவா வேண்டாமா, சொல்லவா வேண்டாமா என்று அவர் தத்தளித்துக்கொண்டிருக்கும்போதே, வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது.

அண்ணாச்சி இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். வந்துவிட்டாரா டாக்டர், பிணத்தைத் தூக்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். ஆவுடையப்பன் எழுந்தார். வாயில் எது முதலில் வந்ததோ அதைச் சொன்னார்.

"என் தப்புதான் அண்ணாச்சி. காத்து போற வழியில தூசி அடைச்சிருக்கு. நான் கவனிக்கல."

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. யோசிக்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அண்ணாச்சிக்கு வேறென்ன வேண்டும்? அதைத்தானே அன்றிலிருந்து சொல்கிறேன் என்று ஊரைக் கூட்ட வாயைத் திறந்தார்.

"தூசி இல்ல," என்றாள் ஹெலன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த அட்டையையும் அந்தச் சல்லடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒட்டாமல் போன அந்தத் துரும்பும் தூசியும் எதனால் ஒட்டாமல் போயின என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பேசத் தெரியாத அந்தப் பெண் நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். தான் கட்டியது, அவிழ்த்தது, மறுபடி கட்டியது எல்லாம். கடைசியில், அந்த மனுஷன் மேல் ஒரு பழியும் போடாதீர்கள், எனக்காகப் பொய் சொல்கிறார் என்று முடித்தாள்.

ஆவுடையப்பன் கண்ணை இறுக்கிக்கொண்டார். இப்போது இடி விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. அண்ணாச்சி ஹெலன் கையிலிருந்த அட்டையையே பார்த்தார்.

"நீ வியாவாரத்துக்குத்தான் கட்டிருக்கன்னுல்லா நெனச்சேன்," என்றார்.

"வியாவாரத்துக்கா கட்டுவேன்? ஒங்க விரலுக்குத்தான்."

அண்ணாச்சி இரும்புப் படுக்கையின் மேல் உட்கார்ந்தார். இடது சட்டைக் கையை மேலே ஏற்றினார். மணிக்கட்டுக்கு மேலே, முன்கையின் இரண்டு பக்கமும், நேர்கோடாக ஒரு தழும்பு இருந்தது. மரப்பட்டை கீறினால் ஒரு பக்கம்தான் கீறும். அவர் பேசியபோது குரல் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது.

"சித்திரையில ஜாம் ஆச்சுல்லா. அப்ப என் கை உள்ள இருந்துச்சு."

கட்டை கோணலாக நின்றதாம். ஒரு கையால் லீவரைத் தள்ளிக்கொண்டே மறு கையால் நேராக்கப் போயிருக்கிறார். கட்டை திரும்பி, கையைக் கவ்விக்கொண்டது. ஆப்பு வந்துகொண்டே இருக்கிறது. பதற்றத்தில் லீவரைப் பின்னால் இழுக்க வேண்டும் என்பதே மறந்துபோய், முன்னாலேயே அழுத்திக்கொண்டு நிற்கிறார். ஆப்பு தோலில் பட்டது. எலும்பில் அழுந்தியது. சத்தம் போடவும் வரவில்லை. அந்த நேரத்தில் இன்ஜின் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. ஆப்பும் நின்றது. தோலை விட்டுக்கொடுத்துக் கையை மட்டும் உருவிக்கொண்டார். ஹெலன் வீட்டுக்குள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னால் அன்றைக்கே கடையை மூடச் சொல்வாள் என்று துணியைச் சுற்றிக்கொண்டு, அட்டையைத் தானே அவசரமாகப் பிய்த்தெடுத்து வைத்துவிட்டு, இன்ஜினைக் கழற்றி நேரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

ஆவுடையப்பனுக்கு அன்றைக்குப் பட்டறையில் நின்று அவர் கத்தியது ஞாபகம் வந்தது. அதற்காகவா என்னை அந்தப் பேச்சு பேசினீர்கள் என்று கேட்டார்.

"கத்தாம இருந்தா அழுதுருப்பேன்வே," என்றார் அண்ணாச்சி.

ஹெலன் அந்தத் தழும்பின் மேல் கையை வைத்தாள். அழுதாளா, திட்டினாளா என்று ஆவுடையப்பனுக்குத் தெரியாது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, நாலு போல்ட்டையும் கழற்றுகிற வேலையில் இறங்கினார். அது அவர் பட்டறை இல்லை, ஆனாலும் கை ஓடியது. பழையபடி ஓடியது. ஒரு போல்ட்டையும் திரும்பத் தொட்டுப் பார்க்கவில்லை.

புது இன்ஜினை மூன்று நாளில் உயிர்ப்பித்தார். சிலிண்டர் தப்பியிருந்தது, ஊறவைத்து, ஆட்டி, பிஸ்டனை மட்டும் மாற்றினார். இந்தத் தடவை தானே கொண்டுபோய்ப் பூட்டினார். ஓடத் தொடங்கியதும், காய்ந்த உடைமர இலை ஒன்று பறந்து வந்து சல்லடையில் ஒட்டியது. ஆவுடையப்பனுக்கு அதைப் பார்க்கவே அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. ஹெலன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இனி எங்கே கட்டட்டும் தம்பி, கட்டலாமா கூடாதா என்று கேட்டாள். கட்டையை நேராக்க அண்ணாச்சி கையை நீட்டுகிற இடத்தைக் காட்டி, அங்கே கட்டுங்கள், நீட்டும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்றார். யோசிக்கவே இல்லை. அங்கிருந்தே மாரிக்கண்ணனுக்குப் போன் போட்டு, மில்லுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அன்று சாயங்காலமே டீக்கடையில், ஆவுடையப்பன் மேல் ஒரு தப்பும் இல்லை, எல்லாம் என் வாய்க்கொழுப்பு என்று முன்னைவிடப் பெரிய குரலில் பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்து இலையில் உட்கார்ந்தார். சங்கரேஸ்வரி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு வெளிச்சம்.

"ஒருவழியா கண்டுபிடிச்சிட்டீங்கல்லா. என்ன கோளாறாம்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். காற்றை அடைத்தது அந்த அட்டைதான். அதில் சந்தேகமில்லை. இன்ஜினைக் கொன்றதும் அதுதான். அது அன்றைக்கு இன்ஜினைக் கொல்லாமல் விட்டிருந்தால் அண்ணாச்சிக்குக் கை இல்லை. சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். குழம்பு ஊற்றவில்லை என்பதைக்கூட அவள்தான் கவனித்து ஊற்றினாள்.

"அதக் கோளாறுன்னு எப்படிச் சொல்லட்டும்?" என்றார் அவர்.